மருந்து ஏன் கேட்கவில்லை? காசநோய்க் கிருமியின் மரபணு வரைபடம் சொல்வதும் சொல்லாததும்

காசநோய் பற்றிய செய்திகளில் சில ஆண்டுகளாக இரண்டு தகவல்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, கிருமியின் ஜீனோமை ஆய்வகங்கள் ஆயிரக்கணக்கில் படித்து வருகின்றன என்பது. இந்தியாவில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2022-இல் தொடங்கிய திட்டத்தின் இலக்கே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளின் ஜீனோமை முழுமையாகப் படிப்பதுதான். இன்னொன்று, பெடாக்குயிலின் என்ற புதிய மருந்துக்கும் கட்டுப்படாத கிருமிகள் தலைகாட்டுகின்றன, அவற்றைக் கண்டறிவது சிரமமாக இருக்கிறது என்பது.

இரண்டையும் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. கிருமியின் மரபணு எழுத்துகள் அத்தனையும் கையில் இருக்கும்போது, எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று உடனே சொல்லிவிட முடியாதா? சளியை எடுத்து வாரக்கணக்கில் வளர்த்துப் பார்க்கும் பழைய சோதனையை ஏன் இன்னும் விடவில்லை?

விடை இதுதான்: ஜீனோம் வரைபடம் ஒரு மரபணு எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. அந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறொரு கணக்கு. மருந்து கேட்பதும் கேட்காததும் பல நேரங்களில் அந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் நான்கு சொற்கள்

1. ஜீனோம்: ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதும். ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகள் நீளமாகக் கோத்திருக்கும் வரிசை. காசநோய்க் கிருமியில் இது சுமார் 44 லட்சம் எழுத்துகள்.

2. மரபணு: அந்த வரிசையில் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அடங்கிய துண்டு. பாக்டீரியாவில் ஒரு மரபணு பெரும்பாலும் சில நூறு எழுத்திலிருந்து சில ஆயிரம் எழுத்து வரை நீளும்.

3. மரபணு வெளிப்பாடு: டிஎன்ஏவில் இருக்கும் குறிப்பை ஆர்என்ஏவாகப் படியெடுத்து, அந்தப் படியைக் கொண்டு புரதம் செய்யும் நிகழ்வு. படியெடுக்கும் வேலையைச் செய்வது ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி. பாக்டீரியாவில் இந்த ஆர்என்ஏ படிகள் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். புரதம் தொடர்ந்து வேண்டுமானால் படியும் தொடர்ந்து எடுத்தாக வேண்டும்.

4. புரொமோட்டர்: ஒவ்வொரு மரபணுவுக்கும் அல்லது மரபணு வரிசைக்கும் முன்னால் இருக்கும் சிறு பகுதி. ஆர்என்ஏ பாலிமரேஸ் வந்து அமர்வது இங்கேதான். இந்தப் பகுதி புரதமாக மாறுவதில்லை. ஆனால் எவ்வளவு புரதம் உருவாகும் என்பதை இதுவே பெருமளவு தீர்மானிக்கிறது.

ஒரு வீட்டின் மின்இணைப்பு வரைபடம் எந்தச் சுவரில் எந்த ஸ்விட்ச் இருக்கிறது என்று காட்டும். இப்போது எந்த விளக்கு எரிகிறது, எந்த மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜீனோமுக்கும் வெளிப்பாட்டுக்கும் உள்ள உறவு அத்தகையது.

நிமிடக் கணக்கில் வரைந்த வரைபடம்

டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் வழியே இல்லாத காலத்தில் மரபணு வரைபடங்கள் வந்துவிட்டன. மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு டிஎன்ஏவைக் கடத்த முடியும் என்று 1946-இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டேட்டமும் காட்டினார்கள். 1950-களில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் எலி வோல்மானும் ஃபிரான்சுவா ஜேக்கப்பும் அதைக் கொண்டு ஒரு எளிய உத்தியைக் கையாண்டார்கள். கடத்தல் தொடங்கியதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, சமையலறை மிக்சி போன்ற கருவியில் சுழற்றி, ஒட்டியிருந்த செல்களைப் பிரித்துவிடுவார்கள். பிரிக்கும் நேரத்துக்குள் எந்த மரபணு மறுபக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். முன்னதாக வந்தது முன்னால் இருக்கிறது, பின்னால் வந்தது தள்ளி இருக்கிறது.

இதனால் ஈ.கோலையின் வரைபடத்தில் தூரத்தின் அலகே நிமிடம் ஆகிப்போனது. முழு வளையமும் கடந்து முடிய 100 நிமிடம். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 8-ஆவது நிமிடத்தில் இருக்கின்றன. இன்றைய கணக்கில் ஒரு நிமிடம் என்பது சுமார் 46,000 எழுத்துகள்.

அந்த 8-ஆவது நிமிடத்தில்தான் மரபணு வெளிப்பாட்டின் கதையும் தொடங்குகிறது. லாக்டோஸ் இல்லாத சூழலில் ஈ.கோலை செல்லில் அதைச் செரிக்கும் நொதி விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். லாக்டோஸ் மட்டுமே உணவு என்றானதும் அதே செல்லில் அது சில ஆயிரமாகப் பெருகிவிடும். டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு எது மாறியது?

1961-இல் ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் வெளியிட்ட விளக்கம் இது. லாக்டோஸ் மரபணுக்கள் மூன்றும் வரிசையாக, ஒரே புரொமோட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. இப்படிச் சேர்ந்தியங்கும் வரிசைக்கு ஓப்பரான் என்று பெயர். அருகில் இருக்கும் இன்னொரு மரபணு ஓர் அடக்கியைச் செய்கிறது. அது ஒரு புரதம் என்று பின்னர் உறுதியானது. அந்த அடக்கி ஓப்பரானின் முகப்பில் உட்கார்ந்துகொண்டு படியெடுப்பதைத் தடுக்கும். லாக்டோஸ் வந்தால் அதிலிருந்து உண்டாகும் மூலக்கூறு அடக்கியோடு ஒட்டிக்கொண்டு அதன் பிடியைத் தளர்த்தும். தடை நீங்கியதும் மூன்று மரபணுக்களும் ஒரே வீச்சில் இயங்கும். அந்த அடக்கிப் புரதம் செல்லுக்குப் பத்துப் பன்னிரண்டு மட்டுமே இருக்கும் என்பதால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாக இருந்தது. 1966-இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைச் செய்து முடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஜேக்கப், மோனோ, ஆந்த்ரே லுவோஃப் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்திருந்தது.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடக்கியைச் செய்யும் மரபணு பழுதடைந்தால் என்ன ஆகும்? தடுக்க ஆள் இல்லை. லாக்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மூன்று மரபணுக்களும் ஓயாமல் இயங்கும். ஜேக்கப்பும் மோனோவும் இத்தகைய பழுதான ஈ.கோலையை வைத்துத்தான் அடக்கி என்று ஒன்று இருப்பதையே ஊகித்தார்கள். பெடாக்குயிலின் விஷயத்தில் இதே காட்சி மறுபடி வரும்.

எழுத்துகள் கிடைத்த பிறகும்

1995-இல் முதன்முறையாக ஒரு பாக்டீரியாவின் ஜீனோம் முழுவதும் படிக்கப்பட்டது. அது ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே, சுமார் 18 லட்சம் எழுத்துகள். 1997-இல் ஈ.கோலையின் 46 லட்சம் எழுத்துகள் வந்தன. புரதம் செய்யும் மரபணுக்கள் என்று 4,288 அடையாளம் காணப்பட்டன. அவற்றில் 38 சதவீதத்துக்கு என்ன வேலை என்று அப்போது தெரியவில்லை. உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட பாக்டீரியாவின் நிலை இது. அந்தச் சதவீதம் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் எந்த மரபணுவை எது அடக்குகிறது, எது தூண்டுகிறது என்ற கட்டுப்பாட்டு விவரம் ஈ.கோலையில்கூட இன்னும் பாதிக்கு மேற்பட்ட மரபணுக்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு சான்று அமெரிக்காவின் கிரெய்க் வென்டர் நிறுவனத்திலிருந்து வந்தது. ஒரு பாக்டீரியாவின் ஜீனோமைப் படிப்படியாகக் குறைத்து, உயிர் வாழப் போதுமான மிகக் குறைந்த மரபணுக்களோடு ஒரு செல்லை 2016-இல் அங்கே உருவாக்கினார்கள். மொத்தம் 473 மரபணுக்கள். அவற்றில் 149 மரபணுக்கள் ஏன் தேவைப்படுகின்றன என்று அதை உருவாக்கியவர்களுக்கே தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்தும் மனிதன் கோத்தது. இருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புதிராகவே நின்றது. "ஜீனோமைப் படித்துவிட்டோம்" என்ற செய்தித் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்களை நினைத்துக்கொள்வது நல்லது.

காசநோய்க் கிருமிக்கு 1998-இல் முறை வந்தது. ஸ்டூவர்ட் கோல் தலைமையில் பிரிட்டனின் சாங்கர் மையமும் பாஸ்டர் நிறுவனமும் சேர்ந்து எச்37ஆர்வி என்ற கிருமி வகையின் 44,11,529 எழுத்துகளை வெளியிட்டன. 1905-இல் நியூயார்க் மாநிலத்துக் காசநோய் மருத்துவமனை ஒன்றில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, தலைமுறை தலைமுறையாக ஆய்வகங்களில் வளர்த்துவரும் கிருமியின் வழிவந்தது அது. அதன் பெயரின் கடைசி இரண்டு எழுத்தைக் கொண்டுதான் மரபணுக்களுக்கு ஆர்வி0001, ஆர்வி0002 என்று வரிசை எண் போட்டார்கள். ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். அவற்றில் 40 சதவீதத்துக்குத்தான் வேலை இன்னதென்று அப்போது துல்லியமாகச் சொல்ல முடிந்தது.

வேகமும் ஒரு சிக்கல். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக ஒரு நாள் அளவு ஆகும். அதனால்தான் திரவ ஊடகத்தில் வளர்க்கும் சோதனையில் 'கிருமி இல்லை' என்று சொல்ல ஆறு வாரம் காத்திருக்க நேர்கிறது. மருந்து கேட்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பதற்கு அதன்மேலும் நாள் ஆகும். எழுத்துகளைப் படித்து உடனே விடை சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்துக்குக் காரணம் இது. அந்த அவசரம் நியாயமானது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார்.

மருந்து கேட்காமல் போகும் நான்கு வழிகள்

எழுத்துகளைப் படித்தால் எது தெரியும், எது தெரியாது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடுகிறது. எளிதிலிருந்து கடினத்துக்குப் போவோம்.

*1. மரபணுவிலேயே எழுத்து மாறுவது: ரிஃபாம்பிசின்*

ரிஃபாம்பிசின் தாக்குவது ஆர்என்ஏ பாலிமரேஸை. அதாவது கிருமியின் மரபணு வெளிப்பாட்டையே முடக்கும் மருந்து அது. அந்த நொதியின் ஒரு பகுதியைச் செய்யும் மரபணு ஆர்பிஓபி. அதில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு பகுதியில்தான் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமிகளில் சுமார் 95 சதவீதத்தின் பிறழ்வு, அதாவது எழுத்து மாற்றம், இருக்கும். மிகப் பரவலான பிறழ்வில் டிசிஜி என்ற மூன்றெழுத்து டிடிஜி ஆகிறது. நடுவில் இருக்கும் ஒரே ஓர் எழுத்து. செரீன் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் லூசீன் வந்து உட்கார, மருந்து ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் போகிறது.

44 லட்சம் எழுத்தில் 81 எழுத்தைப் பார்த்தால் போதும் என்பதால் இந்தச் சோதனை வேகமானது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்த, சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும் கார்ட்ரிட்ஜ் சோதனை இந்த 81 எழுத்தைத்தான் பார்க்கிறது. ஜீனோம் படிப்பின் பெரும் வெற்றி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் எல்லா மருந்தும் இப்படித்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு உருவானதும் இங்கேதான்.

*2. புரொமோட்டரில் எழுத்து மாறுவது: ஐசோனியாசிட்*

ஐசோனியாசிட் 1952-இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. இதற்குச் சென்னையோடு நேரடி உறவு உண்டு. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம் 1956-இல் தொடங்கியது. நோயாளிகளை மருத்துவமனையில் தங்க வைக்காமல், ஐசோனியாசிடும் பிஏஎஸ் என்ற மருந்தும் கொடுத்து வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டிய இடம் அது.

இந்த மருந்து கிருமிக்குள் நுழையும்போது செயலற்ற நிலையில் இருக்கும். கிருமியின் கேட்ஜி என்ற நொதி அதைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும். மாறிய மருந்து இன்ஹெச்ஏ என்ற வேறொரு நொதியைப் பிடித்து முடக்கும். செல்சுவருக்கான கொழுப்பு அமிலங்களைக் கட்டும் நொதி அது. சுவர் எழாமல் கிருமி சாகும்.

ஆகவே கிருமி தப்பிக்க இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. கேட்ஜி மரபணுவில் 315-ஆவது இடத்தில் பிறழ்வு ஏற்பட்டால் மருந்து செயல்படும் வடிவுக்கு மாறுவதே பெரிதும் நின்றுபோகும். எதிர்ப்பும், அதாவது மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையும், அதிகமாக இருக்கும். இது முதல் வகையைப் போன்றதுதான்.

இரண்டாவது வழியில் கேட்ஜி நன்றாக இருக்கிறது. இன்ஹெச்ஏ மரபணுவிலும் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இன்ஹெச்ஏ அடங்கிய ஓப்பரானின் முதல் மரபணு தொடங்குவதற்கு 15 எழுத்து முன்னால், புரொமோட்டர் பகுதியில், சி இருக்க வேண்டிய இடத்தில் டி இருக்கிறது. அதனால் அந்த ஓப்பரான் வழக்கத்தைவிட அதிகமாகப் படியெடுக்கப்பட்டு, இன்ஹெச்ஏ நொதி அளவுக்கு மிஞ்சி உருவாகிறது. வழக்கமான அளவு மருந்து அத்தனை நொதியையும் பிடித்து முடக்கப் போதாது. புரதத்தில் எந்த மாற்றமும் இல்லை, அதன் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது.

இதன் விளைவு மருத்துவச் சீட்டு வரை வருகிறது. இந்தப் பிறழ்வு தனியாக இருந்தால் எதிர்ப்பு பொதுவாகக் குறைந்த அளவில்தான் இருக்கும். அதனால் ஐசோனியாசிடைக் கைவிடாமல் அதிக அளவில் கொடுக்க வழி உண்டு. அதே சமயம் எத்தியோனமைடு என்ற மாற்று மருந்தும் இதே இன்ஹெச்ஏ நொதியைத்தான் தாக்குகிறது. ஐசோனியாசிட் கேட்கவில்லை என்று எத்தியோனமைடுக்கு மாறினால் அதுவும் கேட்காமல் போகக்கூடும். கேட்ஜி பிறழ்வு மட்டும் இருந்தால் கதை தலைகீழ்: ஐசோனியாசிடை நம்ப முடியாது, எத்தியோனமைடு கேட்கும் வாய்ப்பு உண்டு. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டு மருந்தும் போனதாகவே கொள்ள வேண்டியிருக்கும்.

லைன் ப்ரோப் எனப்படும் பட்டைச் சோதனையின் தாளில் ஆர்பிஓபி, கேட்ஜி, இன்ஹெச்ஏ என்று மூன்று பெயருக்கு நேராகக் கோடுகள் விழுவது இதற்காகத்தான். அந்தக் கோடுகள் தாங்கிவரும் தகவல் 'எதிர்ப்பு உண்டு, இல்லை' என்பதைவிட மிக அதிகம். அதைச் சுருக்கி ஒரே சொல்லாக எழுதி நோயாளியிடம் கொடுப்பது, இவ்வளவு பாடுபட்டுத் திரட்டிய அறிவைக் கடைசிப் படியில் கொட்டிவிடுவது போன்றது.

*3. அடக்கியில் எழுத்து மாறுவது: பெடாக்குயிலின்*

செய்திகளில் அடிபடும் மருந்து இது. அமெரிக்காவில் 2012 டிசம்பரில் அனுமதி பெற்றது. பெடாக்குயிலின், பிரீட்டோமனிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. இந்தியா 2024 செப்டம்பரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று நீண்ட சிகிச்சை, அதில் பல மாதம் ஊசி, காது கேளாமை போன்ற பக்க விளைவுகள். அதை ஆறு மாத மாத்திரையாகச் சுருக்கிய ஏற்பாட்டில் முதன்மையான தூண் பெடாக்குயிலின். அது கேட்காமல் போனால் இழப்பு பெரிது.

பெடாக்குயிலின் தாக்குவது கிருமியின் ஆற்றல் உற்பத்தி செய்யும் நொதியை. அந்த நொதியின் மரபணுவிலேயே பிறழ்வு வரலாம், ஆனால் நோயாளிகளிடம் அது அரிது. பெரும்பாலும் காணப்படுவது ஆர்வி0678 என்ற 498 எழுத்து நீளமுள்ள சிறு மரபணுவில் ஏற்படும் பிறழ்வு. வரைபடத்தில் அதற்கு அடுத்த வீட்டிலேயே எம்எம்பிஎஸ்5, எம்எம்பிஎல்5 என்று இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து செல்லுக்குள் வந்ததை வெளியே தள்ளும் ஒரு பம்ப்பைக் கட்டுகின்றன. ஆர்வி0678 செய்யும் புரதம் அந்தப் பம்ப்பின் அடக்கி.

ஜேக்கப்பும் மோனோவும் பார்த்த அதே காட்சி. அடக்கி பழுதாகிறது, பம்ப் மரபணுக்கள் ஓயாமல் இயங்குகின்றன, வந்த மருந்தை வந்த வேகத்தில் கிருமி வெளியே இறைக்கிறது. அதே பம்ப் குளோஃபசிமின் என்ற மருந்தையும் வெளியேற்றும். தொழுநோய்க் கூட்டு மருந்தில் நெடுங்காலமாக இருக்கும் மருந்துதான் குளோஃபசிமின். ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு மற்றதையும் பாதிக்கிறது. இரண்டு மருந்தையும் ஒருபோதும் சாப்பிடாதவர்களின் கிருமியில்கூட இத்தகைய பிறழ்வு தென்பட்டிருக்கிறது.

இதை எழுத்தைப் பார்த்துக் கண்டறிவது ஏன் கடினம்? மூன்று காரணங்கள்.

அ. ஒரு புரதத்தை மருந்து பிடிக்காதபடி மாற்ற, குறிப்பிட்ட சில இடங்களில்தான் எழுத்து மாற முடியும். ஒரு புரதத்தைப் பழுதாக்க எங்கே கை வைத்தாலும் போதும். அதனால் ஆர்வி0678-இல் பிறழ்வுகள் 498 எழுத்து நெடுக இறைந்து கிடக்கின்றன. ஓர் எழுத்து கூடுதலாக நுழையும், ஓர் எழுத்து உதிரும், ஓர் எழுத்து மாறும். ஆர்பிஓபியில் 81 எழுத்தைப் பார்த்தது போல இங்கே ஒரு குறுகிய இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

ஆ. ஒவ்வொரு பிறழ்வும் அடக்கியை ஒரே அளவு கெடுப்பதில்லை. சில முழுதாக முடக்கும், சில பாதியாகத் தளர்த்தும், சில ஒன்றுமே செய்யாது. எதிர்ப்பு கூடும் அளவும் பெரும்பாலும் சில மடங்குதான். வளர்ப்புச் சோதனையில் 'கேட்கும்', 'கேட்காது' என்று பிரிக்கும் எல்லைக்கோட்டின் அருகிலேயே இவை வந்து விழுவதால் அந்தச் சோதனையும் தடுமாறுகிறது.

இ. இது எல்லாவற்றிலும் நுட்பமானது. பெரு நாட்டின் லிமா நகரில் பரவியிருந்த ஒரு கிருமி வகையில் ஆர்வி0678 தெளிவாகப் பழுதடைந்திருந்தது. எழுத்துகளை மட்டும் பார்த்தால் பெடாக்குயிலின் கேட்காது என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் அதே கிருமியில் பம்ப்பின் எம்எம்பிஎல்5 மரபணுவும் நடுவில் அறுந்துபோயிருந்தது. அடக்கி இல்லைதான், ஆனால் இயங்குவதற்குப் பம்ப்பும் இல்லை. மருந்து உள்ளேயே தங்குகிறது, கிருமி எளிதில் சாகிறது. ஓரிடத்து எழுத்தை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால், கேட்கும் மருந்தை ஒரு நோயாளிக்கு மறுத்திருப்போம்.

*4. எழுத்தே மாறாமல்*

ஆக்சிஜன் வற்றிய திசுவுக்குள் சிக்கிக்கொள்ளும் காசநோய்க் கிருமி, டாஸ்ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தின் வழியாக ஏறத்தாழ 48 மரபணுக்களை ஒரே சமயத்தில் இயக்குகிறது. இந்தக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடக்கத்தில் ஆராய்ந்து வெளியிட்டவர்களில் டெல்லி எய்ம்ஸ் ஆய்வுக் குழுவும் ஒன்று. வளர்ச்சி நிற்கிறது, கிருமி ஒடுங்கிக் கிடக்கிறது. புதிதாகச் சுவர் கட்டாத கிருமியிடம், சுவர் கட்டுவதைத் தடுக்கும் ஐசோனியாசிடுக்கு வேலை மிகக் குறைவு. இதை எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. மறுபடி வளரத் தொடங்கினால் அதே கிருமி அதே மருந்துக்குச் சாகும். ஜீனோமைப் படித்தால் எந்தப் பிறழ்வும் தெரியாது, தெரியவும் வழியில்லை. சில வாரங்களில் இருமல் நிற்கும் நோயாளியை மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடச் சொல்வதற்கு இப்படி ஒடுங்கிக் கிடக்கும் கிருமிகள் ஒரு முக்கியக் காரணம்.

ஆர்என்ஏவை நேரடியாக அளந்துவிட்டால்?

எல்லாம் வெளிப்பாட்டில்தான் இருக்கிறது என்றால் அதையே அளக்கலாமே என்று தோன்றும். ஆய்வகத்தில் அளக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் செல்லில் இருக்கும் ஆர்என்ஏ படிகள் அனைத்தையும் படித்து, எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று கணக்கிடும் முறை இப்போது வழக்கத்தில் இருக்கிறது. டாஸ்ஆர் கட்டுப்படுத்தும் மரபணுக்களின் பட்டியலும் வெளிப்பாட்டை அளந்து எடுத்ததுதான்.

நோயாளியின் சளியில் இதைச் செய்வதில்தான் சிக்கல். நிமிடங்களில் சிதையும் ஆர்என்ஏ, மாதிரி ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் மாறிவிடும். சளியில் கிருமியின் ஆர்என்ஏவைவிட மனித செல்களின் ஆர்என்ஏ பல மடங்கு அதிகம். கிருமியை வளர்த்துப் பிறகு அளக்கலாம் என்றால், கண்ணாடிக் குழாயில் சொகுசாக வளரும் கிருமியின் வெளிப்பாடு நுரையீரலில் இருந்ததைப் போல இருக்காது. ஆகவே மருத்துவத்தில் இன்றைக்குக் கைக்கு எட்டுவது எழுத்துகள்தான். அவற்றைக் கொண்டு வெளிப்பாட்டை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அறிக்கையை எப்படிப் படிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 38,000-க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளின் ஜீனோமையும், அதே மாதிரிகளை மருந்தோடு வளர்த்துப் பார்த்த முடிவுகளையும் ஒப்பிட்டு ஒரு பிறழ்வுப் பட்டியலை வெளியிட்டது. 2023-இன் இரண்டாம் பதிப்பில் மாதிரிகள் 52,000-ஐத் தாண்டின. ஒவ்வொரு பிறழ்வும் எதிர்ப்பைத் தருவது, தராதது, இன்னும் தெளிவாகாதது என்று பிரிக்கப்படுகிறது. இந்தப் பட்டியல் இருக்கும்போது அறிக்கையில் பார்க்க வேண்டியவை சில.

1. எந்தப் பிறழ்வு என்று பெயர் குறிப்பிட்டிருக்கிறதா. ஐசோனியாசிடில் கேட்ஜியா, இன்ஹெச்ஏ புரொமோட்டரா என்பது அடுத்த மருந்தையே மாற்றிவிடும். அறிக்கையின் முழு நகலை நோயாளி கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும், சிகிச்சையிடம் மாறும்போது காட்டுவதும் பயன் தரும்.

2. பிறழ்வு இல்லை என்ற முடிவு எந்த மருந்துக்கு என்பது. ரிஃபாம்பிசினுக்கு அதைப் பெரும்பாலும் நம்பலாம். பெடாக்குயிலினுக்கு அந்த அளவு நம்பிக்கை இன்னும் வரவில்லை.

3. ஆர்வி0678-இல் பிறழ்வு இருக்கிறது என்று வந்தால், பம்ப் மரபணுக்களையும் பார்த்தார்களா, கிருமியை வளர்த்து மருந்தை வெவ்வேறு செறிவில் கொடுத்து எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று அளந்தார்களா என்பது. மருந்தை நிறுத்தும் முடிவு இதைப் பொறுத்திருக்கிறது.

4. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே சளியில் கிருமி தொடர்ந்து தென்பட்டால், பழைய அறிக்கையை நம்பியிராமல் புதிய மாதிரி அனுப்புவது. எதிர்ப்பு சிகிச்சையின் நடுவிலும் உருவாகலாம்.

மூன்றாவது அம்சம்தான் நம் நாட்டில் நடக்கும் ஜீனோம் திட்டங்களுக்கு உயிர்நாடி என்பது என் எண்ணம். எத்தனை ஆயிரம் ஜீனோம் படித்தோம் என்ற எண்ணிக்கை செய்திக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு ஜீனோமோடும் அந்தக் கிருமியை எந்த மருந்து எந்தச் செறிவில் நிறுத்தியது என்ற அளவும் பதிவாகியிருந்தால்தான் அது பயன்படும் தரவு. கிருமியை வளர்த்து அளக்கும் ஆய்வகங்களுக்குப் பாதுகாப்பான அறைகள் வேண்டும், பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஜீனோமைப் படிக்கும் இயந்திரம் வாங்குவதைப் போல அது படம் எடுத்துப் போடத்தக்க செலவு அல்ல. இருந்தாலும் பட்டியலில் 'தெளிவாகாதது' என்ற பிரிவில் குவிந்து கிடக்கும் ஆர்வி0678 பிறழ்வுகள், அப்படி வளர்த்து அளந்த மாதிரிகள் சேரச் சேரத்தான் ஒவ்வொன்றாக அங்கிருந்து வெளியே வரும்.